மேசைக்கால் மெலிந்த வாரம்

ஜோசப் அண்ணன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டரைப் பார்க்கவில்லை.

கேட் ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. சூளையில் வெந்து, வெளியே வந்து, சூடு ஆறிய கேட். கரும்சாம்பல் நிறம். நான் மீட்டரின் மூக்கை அதன்மேல் வைத்து அழுத்தினேன். பீப் என்றது. நாற்பத்தெட்டு. கொஞ்சம் தள்ளி வைத்தேன். ஐம்பத்தொன்று. குனிந்து அடிக்கம்பியில் வைத்தேன். மறுபடி நாற்பத்தெட்டு.

குறைந்தது அறுபது வரவேண்டும். அதற்குக் கீழே என்றால் சாயம் மெல்லிசு. நம்ம ஊர் மழைக்கு இரண்டு வருஷம் தாங்காது, துரு குடித்துவிடும்.

"எவ்வளவு சரசு?"

முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். முகமெல்லாம் சாம்பல் பவுடர். முகமூடி மூடியிருந்த இடம் மட்டும் கறுப்பாக, வேறு யாரோ ஒருவருடைய வாய் மாதிரி இருந்தது.

"கொஞ்சம் கம்மிண்ணே."

"கொஞ்சம்னா?"

நான் மீட்டரின் மூக்கைத் துடைக்கத் தொடங்கினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பவுடர் அறைக்குள் போய்விட்டார்.

சாயத்தை எப்படி அளப்பது

போன வாரம் கம்பெனி பஸ்ஸைப் பற்றி எழுதினேன் அல்லவா? அதைப் படித்த ஒரு வாசகி, "நீங்கள் சாயத்தை அளக்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள், சாயத்தை எதை வைத்து அளப்பது, அடிக்குச்சியா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நானும் முதல் நாள் அதைத்தான் கேட்டேன், வாய்விட்டு இல்லை, மனசுக்குள்.

எங்கள் கம்பெனி ரந்தாவ் போகிற சாலையில் இருக்கிறது. செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு கொட்டகை. கேட், ஜன்னல் கிரில், இரும்பு அலமாரி, எல்லாம் அங்கே வரும். பவுடர் அடித்து, சூளையில் வைத்து, சாயமாக்கி அனுப்புவோம். அடிப்பது ஜோசப் அண்ணன். அளப்பது நான்.

மீட்டர் கைபேசியைவிடச் சின்னது. கீழே ஒரு மூக்கு. அதை இரும்பின் மேல் வைத்தால், தனக்கும் இரும்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று சொல்லும். அந்த இடைவெளிதான் சாயத்தின் கனம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகக் கிழித்தால் ஒரு துண்டு ஒரு மைக்ரான். நான் படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆயிரமாகக் கிழிப்பது என்றால் எனக்குக் கணக்கே ஓடாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றில் தப்பு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

என் சுபாவம் அப்படி. பஸ் ஏறிய பிறகு அடுப்பை அணைத்தேனா என்று நினைப்பேன். அணைத்தது ஞாபகம் வந்தால், அது நேற்று அணைத்ததோ என்று நினைப்பேன்.

கோசோங்

காலையில் வந்ததும் முதல் வேலை, மீட்டரைக் கோசோங் பண்ணுவது.

நம்ம நாட்டில் இந்த ஒரு வார்த்தை எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். போன் நம்பரில் சைபர் வந்தால் கோசோங். ஆள் இல்லாத வீடு கோசோங். சீனி போடாத தேத்தண்ணி கோசோங். ஜோசப் அண்ணனுக்குச் சீனி வியாதி, அதனால் எப்போதும் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்தான்.

மீட்டருக்குக் கோசோங் என்றால், மீட்டர் பெட்டியில் சாயமே இல்லாத வெறும் இரும்புத் தட்டு ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அளவு, நடுவில் ஒரு வட்டம் கீறியிருக்கும். அந்த வட்டத்தில் மூக்கை வைத்துப் பொத்தானை அமுக்கவேண்டும். "இங்கே ஒன்றும் இல்லை, இதைச் சைபர் என்று வைத்துக்கொள்" என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி. பிறகு அதே வட்டத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து அளப்போம். அந்தத் தாளின் கனம் எவ்வளவு என்று தாளிலேயே போட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் மீட்டர் சரி.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் கக் ஜைத்தோன், அதாவது ஜைத்தோன் அக்கா. கோலா பிலாவிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருகிற எங்கள் மேற்பார்வையாளர். நிதானமான பொம்பளை. "கோசோங் சரி, தாள் சரி என்றால் மீட்டர் சரி. மீட்டர் சரி என்றால் நீ சரி. அப்புறம் ஏன் முகத்தை இப்படி வைத்திருக்கிறாய்?" என்று மலாயில் கேட்பார்.

அப்படியும் எனக்குப் போதாது. கோசோங்கும் தாளும் பார்த்த பிறகு, யாரும் கவனிக்காதபோது, என் மேசையின் காலில் ஒரு தடவை வைத்துப் பார்ப்பேன். இரும்பு மேசை, எங்கள் கம்பெனியிலேயே மிச்சக் குழாயில் செய்து நீலச் சாயம் அடித்தது. அது எப்போதும் எண்பது காட்டும். ஒன்று கூடும், ஒன்று குறையும். எண்பதைப் பார்த்தால்தான் எனக்கு அன்றைக்கு மூச்சு சீராக வரும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

கிராணியின் கண்ணாடிக் குழாய்

முகத்தைப் பார்க்கிற விஷயம் சொன்னேனே, அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

கோலா சாவா பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்போது ரப்பர். அம்மா பால் வெட்டிக் கொண்டுபோய் ஸ்டோரில் நிற்பாள். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டு, அது எவ்வளவு முங்குகிறது என்று பார்ப்பார். பால் கெட்டியா, தண்ணியா என்று அது சொல்லுமாம். மழை பெய்த நாளில் வாளியில் தண்ணி விழுந்திருந்தாலும், கலந்தவள் அம்மாதான் என்றாகிவிடும்.

குழாயில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவள் கிராணியின் முகத்தை வாசிப்பாள். உதட்டைப் பிதுக்கினால் முடிந்தது கதை. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இப்போது குழாய் என் கையில். இன்னொருத்தர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் உதட்டைப் பிதுக்கினேனா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எனக்கே குழாய் புரியவில்லையே, அவருக்கு நான் என்ன சொல்வது?

பூசைக்கு அப்புறம்

கோவிட் அடங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஆயுத பூசை போட்டோம். தவுக்கே என்று நாங்கள் கூப்பிடுகிற முதலாளி சீனர்தான், ஆனாலும் பூசையை விடமாட்டார். கடலை, பொரி, வாழைப்பழம், எல்லாம் அவர் செலவு. "எல்லா மெஷினுக்கும் வை, ஒன்றையும் விடாதே" என்று அவரே பின்னால் வந்து நின்று பார்ப்பார்.

நான் லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போயிருந்தேன். சந்தனக் கிண்ணத்தை ஜோசப் அண்ணன் கையில் கொடுத்து, "எல்லாத்துக்கும் ஒரு பொட்டு வெச்சுருங்கண்ணே" என்றேன். அவர் தெமியாங்கில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற வேதக்காரர். "உங்க சாமி என்ன, எங்க சாமி என்ன, இந்தச் சூளை ஒழுங்கா எரிஞ்சா சரிலா" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

பூசை முடிந்து லீவும் முடிந்து திரும்பி வந்தோம். கக் ஜைத்தோன் என் மேசையையும் மீட்டர் பெட்டியையும் துடைத்து வைத்திருந்தார். மீட்டரைக் கோசோங் பண்ணினேன். தாளை வைத்தேன். அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது.

முதல் கேட்டை அளந்தேன். நாற்பத்தெட்டு.

அன்றுதான் ஜோசப் அண்ணன் என் முகத்தைப் பார்த்தது.

ஆரஞ்சுத் தோல்

அதற்குப் பிறகு நடந்தவை எனக்கு அப்போது ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. இன்றைக்கு வரிசையாக எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மறுநாளும் மெல்லிசு. "நான் அடிச்ச மாதிரிதானே அடிக்கிறேன்" என்றார் ஜோசப் அண்ணன். அறுபது என்று சொல்லிவிட்டால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த நேரம் பார்த்து கக் ஜைத்தோன் மீட்டரை வாங்கித் தானே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். அவருக்கும் அதே எண்தான் வந்தது.

பிறகு ஜோசப் அண்ணன் பவுடரைக் கூட்டினார். ஒரு தடவை போகிற இடத்தில் ஒன்றரைத் தடவை போனார். மீட்டர் அறுபத்திரண்டு காட்டியது. நான் பெருமூச்சு விட்டேன். கேட்டைத் தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி மேடும் பள்ளமும்.

சாயம் கனமாகிவிட்டால்தான் அப்படி வரும். அது எனக்கும் தெரியும். மீட்டரோ, இப்போதுதான் போதுமான அளவு என்கிறது. கை கனம் என்கிறது, மீட்டர் சரியான அளவு என்கிறது. நான் கையை நம்புவதா, மீட்டரை நம்புவதா? கையை நம்பச் சொல்லி யாரும் எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. மீட்டரை நம்பினால் ஜோசப் அண்ணனுக்கு வேலை போய்விடும்.

தவுக்கே வந்து கேட்டைத் தடவினார். பவுடர் பெட்டிகளைப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு வருகிற பவுடர் இருபது நாளில் தீர்ந்துவிடும்போல் இருந்தது. ஜோசப் அண்ணன் காதில் விழுகிற தூரத்தில் நின்றே, கக் ஜைத்தோனிடம் சொன்னார்.

"ஜோசப் சுடா துவா."

ஜோசப்புக்கு வயசாகிவிட்டது. மெல்லிசாக அடிக்கிறான், இல்லாவிட்டால் அப்பி வைக்கிறான், கை நிற்கவில்லை. சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். சரியாகவில்லை என்றால் திங்கட்கிழமையிலிருந்து அவன் லாரியில் சரக்கு ஏற்றப் போகட்டும், பவுடருக்கு வேறு ஆள் போடலாம். இவ்வளவும் அவர் கோபப்படாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜோசப் அண்ணனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஒரு அரிசி மூட்டையைத் தூக்க முடியாது. லாரி ஏற்றப் போ என்றால் வீட்டுக்குப் போ என்றுதான் அர்த்தம். அது தவுக்கேக்குத் தெரியுமா, தெரியாமல் சொன்னாரா, அதுவும் எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லாரி ஓட்டுகிறவர், சுருக்கமாகப் பேசுவார். "மீட்டருக்கு என்ன ஜோசப்போட சண்டையா? அது பொய் சொல்லாது. நீ சோத்தப் போடு" என்றார்.

மேசைக்கால்

இன்னொன்றை நான் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என் மேசைக்காலும் மெலிந்துவிட்டது.

எண்பது காட்டுகிற கால், பூசைக்கு அப்புறம் ஐம்பத்தெட்டு காட்டியது. முதல் நாள், என் முழங்கால் உரசி உரசித் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். பயந்துபோய்க் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாள் என் முழங்காலே படாத பின்பக்கக் காலில் வைத்தேன். அதுவும் ஐம்பத்தெட்டு. தரை துடைக்கிற மருந்து அரித்திருக்கும் என்று நினைத்தேன். மேசைக்கு மேலே, என் தலை உயரத்தில் இருந்த விளக்குச் சட்டத்திலும் வைத்துப் பார்த்தேன். அதிலும் குறைந்திருந்தது போலத் தோன்றியது. ஆனால் அதை முன்னே நான் அளந்ததே இல்லையே, குறைந்தது என்று எப்படிச் சொல்வது?

எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று இருந்தது. உலகத்தில் உள்ள சாயம் எல்லாம் என் கண்முன்னால் மெலிந்துகொண்டு வருகிறது. எனக்கு மட்டும்தான் அது தெரிகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம். ஜோசப் அண்ணன் என் மேசைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அவருடைய முகமூடி, ஒரு ஜோடி பழைய கையுறை, மாதா படம் ஒன்று. அலமாரியைக் காலி பண்ணிவிட்டார்.

"நாளைக்குத்தானே சனிக்கிழம" என்றேன்.

"நாளைக்கு மட்டும் என்ன அதிசயம் நடக்கப்போவுது?" அவர் மீட்டரைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்தார். "வயசுதான் சரசு. முந்தியெல்லாம் கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன். இப்ப கை எங்க போவுதுன்னு எனக்கே தெரியல போல. நேத்து வீட்டுல அவகிட்டயும் சொல்லிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையை மறைக்க வாய்க்கு வந்ததைப் பேசினேன். அது மேசைக்கால் விஷயமாகப் போய்விட்டது. "உங்க கை மட்டும் இல்லண்ணே, என் மேசைக்காலும் மெலிஞ்சிருச்சி."

ஜோசப் அண்ணன் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

"ஏன் சரசு, எனக்கு வயசானா மேசைக்கும் வயசாவுமா?"

"சத்தியமாண்ணே. எண்பது இருந்துச்சி. இப்ப ஐம்பத்தெட்டு."

"இந்த மேசைக்கு யாரு அடிச்சா?"

"நீங்கதான்."

"எப்ப?"

"நான் வேலைக்கு வந்த புதுசுல."

சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு அடித்த சாயம் இன்றைக்கு அவர் கை நடுங்கியதால் குறையுமா? இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குத்தான் புரியாது, அவருக்கும் புரியவில்லை என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"எங்க, ஒரு தடவ எம் முன்னால பண்ணு" என்றார்.

நான் பெட்டியைத் திறந்து தட்டை எடுத்தேன். வட்டத்தில் மூக்கை வைக்கப் போனேன்.

"இரு" என்றார். "இதுலதானே நான் பொட்டு வெச்சேன்?"

"எதுல?"

"இந்த வட்டத்துல. எல்லாத்துக்கும் வைன்னு நீதானே சொன்ன? தவுக்கே வேற பின்னாலயே நிக்கிறாரு. பெட்டியத் தொறந்தா தட்டு, தட்டுல அழகா ஒரு வட்டம். பொட்டு வைக்கத்தான் வட்டம் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்லா."

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். கக் ஜைத்தோன் டிஷ்யூவால் துடைத்திருந்தார். குங்குமம் போய்விட்டது. மேலாக இருந்த சந்தனமும் போய்விட்டது. வட்டத்துக்குள் மட்டும், சாய்த்தால் தெரிகிற, நேராகப் பார்த்தால் தெரியாத, மெல்லிய மங்கல் ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன். மாவு மாதிரி வந்தது. மோந்து பார்த்தேன். பன்னீர் வாசனை.

தின்னர் ஊற்றித் துடைத்தோம். கோசோங் பண்ணினேன். மேசைக்காலில் வைத்தேன். அவசரத்தில் மூக்கைச் சாய்த்து வைத்ததில் முதல் தடவை எண்ணே வரவில்லை. இரண்டாவது தடவை பீப் என்றது.

எண்பது.

யார் கணக்கில் எழுதுவது

கக் ஜைத்தோனைக் கூப்பிட்டோம். மூன்று பேரும் சேர்ந்து, பூசைக்கு அப்புறம் முதலில் அடித்து ஓரம் கட்டிய கேட்டில் வைத்தோம். எழுபது. ஒரு குறையும் இல்லாத கேட். ஆரஞ்சுத் தோல் கேட்டில் வைத்தோம். எண்பத்துநாலு. கை சொன்னதுதான் சரி.

அப்படியானால் பிளாஸ்டிக் தாள் மட்டும் எப்படி ஒத்துப்போனது என்று நான் கேட்டேன். கக் ஜைத்தோன் இரண்டு தடவை விளக்கினார். தாளையும் அதே சந்தனத்தின் மேல்தானே வைத்தாய், மீட்டர் சந்தனத்தையே தரை என்று நினைத்துக்கொண்டது, தரையிலிருந்து தாள் எவ்வளவு உயரம் என்று சரியாகத்தான் சொன்னது என்றார். எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது புரிகிற மாதிரி வந்து, இறங்கும்போது போய்விடுகிறது.

"அப்ப இத்தன நாளா நான் எதண்ணே அளந்தேன்?"

"நீ அளக்கல. ஒவ்வொரு கேட்டுலயும் பொட்டக் கழிச்சிக்கிட்டிருந்த" என்றார் ஜோசப் அண்ணன்.

கிண்ணத்தை இந்து கொடுத்து, வேதக்காரர் பொட்டு வைத்து, இஸ்லாம் பொம்பளை துடைத்து, சீனர், பொட்டு வைத்தவருக்கு வயசாகிவிட்டது என்று முடிவு கட்டினார். இதில் யார் செய்தது தப்பு என்று நானும் எவ்வளவோ யோசித்துவிட்டேன். ஒவ்வொருத்தரும் நல்லதைத்தான் செய்திருக்கிறோம்.

சனிக்கிழமை தவுக்கே வந்தார். கக் ஜைத்தோன் அவரை மேசைக்குக் கூட்டி வந்து தட்டைக் காட்டி, கோசோங் கோசோங்காக இல்லை என்று விளக்கினார். தவுக்கே கேட்டுக்கொண்டே இருந்தார். தானே மீட்டரை வாங்கி மூன்று கேட்டில் வைத்துப் பார்த்தார். ஜோசப் அண்ணனிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. போகும்போது வாசலில் நின்று, "அடுத்த வருஷம் மனுஷனுக்கு மட்டும் பொட்டு வை" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

ஆரஞ்சுத் தோல் கேட்டுகளில் ஒன்றை எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். இன்றும் அங்கேதான் நிற்கிறது. துரு அண்டவில்லை. போகும்போதெல்லாம் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

அன்று மத்தியானம் ஜோசப் அண்ணன் முகமூடியையும் மாதா படத்தையும் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். கம்பெனிக்கு எதிரே கீழக்கரைக்கார நானா ஒருவர் தேத்தண்ணிக் கடை போட்டிருக்கிறார். என்னையும் அங்கே கூட்டிப் போனார். எனக்குப் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக், அவருக்குத் தே ஓ கோசோங்.

ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானா, கோசோங்தானே கேட்டேன்? இனிக்குது."

"கோசோங்தான் தம்பி. நான் ஒண்ணும் போடல" என்றார் நானா. "முன்ன குடிச்சவரு சீனி அடியில கொஞ்சம் ஒட்டியிருக்கும். தொடச்சுட்டுத்தான் ஊத்துனேன்."

ஜோசப் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இந்தத் தடவை யார் முகத்திலும் வாசிக்க ஒன்றும் இல்லை.

டம்ளரை நானாவிடம் நீட்டினார்.

"தொடச்சா பத்தாது நானா. கழுவி ஊத்துங்க. ஒரு வாரமா பட்டுட்டேன்."